விளக்குப் போட்ட மாளிகை யாருடையது?

ஆகஸ்ட் 15 இரவு, எங்கள் மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு ரிப்பன் மாளிகைக்கு விளக்குப் பார்க்கப் போயிருந்தோம். வருஷா வருஷம் கேட்பார்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது செலவில்லாத திருவிழா. பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்தால் போதும். சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வெள்ளை மாளிகை காவியும் வெள்ளையும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் முறைவைத்து நின்று எங்கள் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி மட்டும் போட்டோவுக்கு வரவில்லை. மாளிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு, "அக்கா, அம்மா இங்கதான் உக்காந்திருந்துச்சு. இப்ப கழுவி விட்டுட்டாங்க" என்றாள்.

கழுவி விட்டவரும் இன்னொரு பிள்ளையின் அம்மாவாகத்தான் இருந்திருப்பார். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

2025 ஆகஸ்டில் சென்னைக்கு 386ஆவது பிறந்தநாள். 1639 ஆகஸ்ட் 22இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த நிலத்தின் கணக்கு அது. பாரம்பரிய நடை, புகைப்படக் கண்காட்சி, பழைய சென்னை பற்றிய சொற்பொழிவு என்று ஊரே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். இந்த ஊர் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பார்த்த நடைபாதையிலிருந்து இந்த ஊரின் வரலாற்றை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பதின்மூன்று நாள்

ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் சென்னை மாநகராட்சியின் 5, 6ஆம் மண்டலங்களில், அதாவது ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் குப்பை அள்ளியவர்கள். பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் தலித்துகள். பலருக்கு இந்த வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம். அவர்களைக் கூப்பிடும் பெயரை மட்டும் அரசு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் என்றார்கள், தூய்மைப் பணியாளர் என்றார்கள், கொரோனா வந்தபோது முன்களப் பணியாளர் என்று கைதட்டினார்கள். வேலையில் அவர்கள் அன்றும் தற்காலிகம், இன்றும் தற்காலிகம்.

அவர்கள் கேட்டது இரண்டு. எங்கள் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள். தேர்தல் நேரத்தில் சொன்னபடி எங்களை நிரந்தரமாக்குங்கள். மாநகராட்சி வழியாகச் சுமார் 23 ஆயிரம் ரூபாய் வந்த சம்பளம், தனியாரிடம் போனால் சுமார் 17 ஆயிரமாகக் குறையும் என்று தொழிலாளர்கள் கணக்குச் சொன்னார்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கந்து வட்டி எதுவும் குறையாது. சம்பளம் மட்டும் குறையும்.

சென்னையில் குப்பையைத் தனியாருக்குக் கொடுப்பது 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. கோட்டையில் ஆள்கிற கட்சி மாறியது, ஒப்பந்த நிறுவனம் மாறியது. 2025இல் பதினைந்து மண்டலங்களில் பெரும்பாலானவை தனியாரிடம் இருந்தன. ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாத வரலாறு இது.

ஆகஸ்ட் 13ஆம் தேதி, அனுமதி இல்லாமல் நடைபாதையையும் சாலையையும் மறித்திருப்பவர்களை அப்புறப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றிரவே நள்ளிரவையொட்டிப் போலீஸ் வந்தது. நூற்றுக்கணக்கானவர்களைப் பஸ்களில் ஏற்றியது. பெண்கள் இழுத்துச் செல்லப்பட்டதை நாடே வீடியோவில் பார்த்தது. 14ஆம் தேதி அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு, வீடு, பணியில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் என்று திட்டங்களை அறிவித்தது. 15ஆம் தேதி கொடியேற்றம்.

அடுத்தடுத்த மூன்று நாட்களில் இத்தனையும் நடந்தன. பண்டிகைக்கு வீட்டைப் பெருக்குவதைப்போலப் பெருக்கிவிட்டார்கள். இந்த முறை பெருக்கப்பட்டது குப்பை அல்ல, குப்பை அள்ளியவர்கள்.

கல்வெட்டில் யார் பெயர்?

பாரம்பரிய நடை கூட்டிப் போகிறவர்கள் ரிப்பன் மாளிகையைப் பற்றிச் சொல்லும் செய்திகள் எங்களுக்கும் மனப்பாடம். 1909இல் வைஸ்ராய் மின்டோ அடிக்கல் நாட்டினார். 1913இல் வைஸ்ராய் ஹார்டிங் திறந்து வைத்தார். வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். கட்டியவர் ஒப்பந்தக்காரர் லோகநாத முதலியார். செலவு ஏழரை லட்சம் ரூபாய். 1882இல் உள்ளாட்சிக்கு வழிசெய்த ரிப்பன் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது.

எல்லாம் சரி. வைஸ்ராய் பெயர் இருக்கிறது, வரைந்தவர் பெயர் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது. நான்கு வருஷம் சுண்ணாம்பு குழைத்தவர் யார்? கல் சுமந்தவர் யார்? திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அந்த நீளமான தாழ்வாரங்களைக் கழுவிவிட்டவர் யார்? நூறு வருஷத்துக்கு முன்பு ஒப்பந்தக்காரர் பெயர் நின்றது, வேலை செய்தவர் பெயர் நிற்கவில்லை. இன்றைக்கும் அப்படியே. ஒப்பந்தம் எந்த நிறுவனத்துக்கு என்று கேட்டால் தீர்மான நகலில் பெயர் கிடைக்கும். அந்தத் தெருவைப் பெருக்குகிற அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால், அந்தத் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைக்கப்பட்டது. பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆண்கள். இந்த ஊருக்கு அது பெருமை. மே தினத்துக்கு மாலை விழும். வெண்கலத்தில் நிற்கிற உழைப்பாளியை இந்த ஊருக்குப் பிடிக்கிறது. அவர் சம்பளம் கேட்க மாட்டார். நடைபாதையில் உட்கார மாட்டார்.

1924ஐ யாரும் சொல்வதில்லை

ரிப்பன் மாளிகைக்குப் பதினோரு வயதானபோது இந்த மாகாணத்தில் ஒரு காரியம் நடந்தது. மதராஸ் வாரத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

1924இல் சென்னை சட்ட மேலவையில் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தச் சாதியைச் சேர்ந்தவராக இருந்தாலும் எந்த ஊரின் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம். பொது அலுவலகத்தின் வளாகத்துக்குள்ளும், பொதுக் காரியம் நடக்கும் எந்த இடத்துக்குள்ளும், மற்ற சாதி இந்துக்களைப்போலவே போகலாம். தீர்மானம் நிறைவேறியது. அதே ஆண்டில் அரசாணையாகவும் வந்தது.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். தெருவில் நடக்கலாம் என்பதற்கு அரசாணை தேவைப்பட்ட நாடு இது. அலுவலக வாசலில் நிற்கலாம் என்பதை ஒருவர் சட்டமன்றத்தில் எழுந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்டு வாங்கியவர் பின்னாளில் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். அவருடைய நினைவு மண்டபம் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுத்த உரிமையின் ஒரு வரிகூட ரிப்பன் மாளிகை வாசலில் இல்லை.

எங்களைப் பொறுத்தவரை இந்த ஊரின் உண்மையான பாரம்பரியச் சின்னம் அந்த அரசாணைதான். மாளிகையை எங்கள் வரிப்பணத்தில் சுண்ணாம்பு அடித்துப் புதுப்பிக்கலாம், விளக்குப் போடலாம். அதன் முன்னால் வந்து நிற்கும் உரிமை இல்லையென்றால் அது வெறும் செட்டிங். பொதுக் கட்டடம் என்றால் அதன் வாசலும் பொது. 1924இலேயே தீர்ந்த வழக்கு என்று நினைத்திருந்தோம். தீரவில்லை என்று ஆகஸ்ட் 13 சொல்லிவிட்டது.

ஊருக்கு வெளியே போ

இன்னொரு பக்கத்தையும் புரட்டுவோம். 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம். தொழிற்சங்க வரலாற்றில் பொன்னெழுத்தில் இருப்பது. அதே வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. வேலைக்குத் திரும்பியவர்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கைக்கும் வாய்க்குமான கூலிக்காரர் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் எப்படி வாழ்வார் என்று யாரும் கேட்கவில்லை. கலவரத்துக்கு முடிவுகட்ட அவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்ற குரல் நீதிக்கட்சித் தலைவர்களிடமிருந்தே வந்தது. எம்.சி. ராஜா அந்தக் கட்சியோடு முரண்பட்டு வெளியேறியதற்கு இதெல்லாம் பின்னணி.

புளியந்தோப்பு இன்று மாநகராட்சியின் 6ஆவது மண்டலத்தில் இருக்கிறது. மண்டலத்தின் பெயர் திரு.வி.க. நகர். அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் முன்னணியில் நின்றவர் திரு.வி.க. அவர் பெயரில் இருக்கிற மண்டலத்தின் தொழிலாளர்களைத்தான் நள்ளிரவில் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"ஊருக்கு வெளியே கொண்டுபோய் வை" என்ற 1921ஆம் வருஷத்து யோசனை செத்துவிட்டதா? சென்ட்ரலுக்குப் பின்னால் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. திராவிட இயக்கத்திலிருந்து அமைச்சரான தலித் பெண், பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கே இடமில்லை என்று வெளியேறித் தனிக் கட்சி கண்டவர், மத்திய அமைச்சராகவும் இருந்தவர் சத்தியவாணி முத்து அம்மா. அவர் பெயரில் இருந்த அந்தக் குடியிருப்பை 2019 டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறை நேரத்தில், கூவம் சீரமைப்பு என்று சொல்லி இடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. சென்ட்ரலில் மூட்டை தூக்கியவரும், பாரிமுனையில் வீட்டு வேலை செய்தவரும், அங்கிருந்து வேலைக்கு வந்து போகவே ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். நடுக் கல்வியாண்டில் பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள்.

அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தீவுத்திடல். டிசம்பர், ஜனவரி வந்தால் அங்கே பொருட்காட்சி. ராட்டினம், டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்குகள், வண்ண விளக்குத் தோரணம். நாங்களும் சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்தான். அந்த வருஷம் அந்த விளக்குத் தோரணத்தைப் பார்க்க எங்களால் போக முடியவில்லை.

பக்கத்திலேயே மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறந்தது, 1985 மே மாதம் எரிந்துபோனது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கடைக்காரர்கள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். நாற்பது வருஷமாகியும் இந்த ஊர் மூர் மார்க்கெட்டுக்காக ஏங்குகிறது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுப் புறா என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதுகிறார்கள். நல்லது. இழந்ததை நினைத்து அழத் தெரிந்த ஊர் என்று அதற்கு அர்த்தம். ஆனால் சத்தியவாணி முத்து நகருக்காக அழுத கட்டுரை எத்தனை? இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகிற தூரம்தான். ஒன்று போனால் "நம் நினைவு போச்சு". இன்னொன்று போனால் "ஆக்கிரமிப்பு அகற்றம்". செங்கல்லுக்குச் சாதி இல்லை என்பார்கள். எந்தச் செங்கல் விழுந்தால் ஊர் அழும் என்பதில் சாதி இருக்கிறது.

பண்டிகைக்கு மறுநாள்

பண்டிகை அலங்காரத்தை எல்லோரும் மாலையில் பார்க்கிறார்கள். அதை மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பார்க்கிறவர்கள் யார்?

போகிக்கு எரிந்த டயரும் பாயும். காணும் பொங்கலுக்கு மறுநாள் மெரினா மணல் முழுக்கச் சாப்பாட்டுப் பொட்டலமும் கரும்புச் சக்கையும். விநாயகர் சதுர்த்திக்குப் பிறகு கரையில் ஒதுங்கும் சட்டமும் சாயமும். ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைக்குக் கடை வாழைக்கன்றும் நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயும். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் காகிதம். சென்னையின் பட்டாசுக் குப்பை மட்டும் நூறு டன்னைத் தாண்டும். அதில் ரசாயனம் இருப்பதால் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியே வாரிக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புகிறார்கள். அனுப்புவது லாரியில். வாருவது கையில்.

ஊர் பண்டிகை கொண்டாடும் நாளில் இந்த அம்மாக்களுக்கு லீவு கிடையாது. எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளிடம் தீபாவளி பற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் ஒரே வரியில் தொடங்குவார்கள்: அன்றைக்கு அம்மா சீக்கிரம் வேலைக்குப் போய்விடும். கறி வாங்கி வைத்துவிட்டு, ஆக்குவதற்கு அம்மா திரும்பி வரும்வரை காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள்.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது என்ன? தீபாவளிக் காசு. போனஸ் என்று யாராவது குழப்பிக்கொள்ள வேண்டாம். போனஸ் உரிமை. தீபாவளிக் காசு வீடு வீடாகக் கதவைத் தட்டி, "குப்ப எடுக்கறவங்க வந்திருக்கோம்மா" என்று சொல்லி, சிலர் ஐம்பது ரூபாயைக் கைபடாமல் மேலிருந்து போடும்போது முந்தானையில் வாங்குவது. கிராமத்தில் வெட்டியானுக்கும் தோட்டிக்கும் களத்தில் அள்ளிப் போட்ட படி நெல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நகரம் சாதியைக் கரைக்கும் என்று சமூகவியல் வகுப்பில் படித்தோம். இங்கே கரையவில்லை. சீருடை போட்டுக்கொண்டது, அவ்வளவுதான்.

தனியாரிடம் போனால் எல்லாம் சட்டப்படி நடக்கும் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்காகத் தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனம் அந்த விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்புத் தர வேண்டும். சுதந்திர தினம், குடியரசு தினம், மே தினம், காந்தி ஜெயந்தி எல்லாம் அதில் உண்டு. ஏற்கெனவே தனியாரிடம் இருக்கும் மண்டலங்களில் இந்த இரட்டைச் சம்பளம் போடப்பட்ட சீட்டுகளைக் காட்டுங்கள். மாளிகைக்கு மூவர்ண விளக்குப் போடுவதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள்.

எங்களிடம் சொல்லப்படுபவை

"எல்லாவற்றிலும் சாதியை இழுக்காதீர்கள்" என்கிறார்கள். நாங்கள் இழுக்கவில்லை. தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவேட்டை எடுத்து, அதில் பார்ப்பனர் எத்தனை, முதலியார் எத்தனை, செட்டியார் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். பிறகு அருந்ததியரையும் ஆதிதிராவிடரையும் எண்ணுங்கள். ஆந்திரப் பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன்பு இதே வேலைக்காக வந்து, வீட்டில் இன்னும் தெலுங்கு பேசும் குடும்பங்களையும் எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள், யார் சாதியை இழுத்தது என்று.

"நடைபாதை மக்கள் நடப்பதற்கு" என்கிறார்கள். உண்மை. அதில் மாற்றுத்திறனாளியும் கர்ப்பிணியும் நடக்க வேண்டும். அதே நடைபாதையைக் கட்சி மாநாட்டு வளைவும், தலைவர் கட்அவுட்டும், திருவிழாப் பந்தலும் மறிக்கும்போது இந்த அவசரத்தை எங்கே வைத்திருந்தீர்கள்? பந்தல் பத்து நாள் இருந்தால் பக்தி. பெண்கள் பதின்மூன்று நாள் இருந்தால் இடையூறு. அனுமதிக்கப்பட்ட இடத்தில் போய்ப் போராடுங்கள் என்றும் சொல்கிறார்கள். முடிவெடுக்கிற கட்டடம் ஓரிடத்தில், கேட்பவர் நிற்க வேண்டிய இடம் வேறிடத்தில். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த மூளைக்கு இது புதிய யோசனை அல்ல.

"அரசுதான் திட்டங்கள் அறிவித்ததே" என்கிறார்கள். அறிவித்தது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவருக்குச் சாப்பாடு வந்தால் நல்லது. 30 ஆயிரம் வீடுகள் வந்தால் வரவேற்போம். ஆனால் அவர்கள் கேட்டது வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் அவரவர் வீட்டில் அவரவர் இட்லி சுட்டுக்கொள்வார்கள். வீடு எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராயபுரத்தில் வேலை, பெரும்பாக்கத்தில் வீடு என்றால் அது திட்டம் அல்ல, 1921ஆம் வருஷத்து யோசனை.

"மேயரே உங்கள் ஆள்தானே" என்பது கடைசியாக வரும் அம்பு. ஆமாம். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1945இல் ந. சிவராஜ், 2022இல் பிரியா ராஜன். இந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர் திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து வந்தவர். அந்த நாள் எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தோம். அவரைச் சாதியை வைத்தும் பெண் என்பதை வைத்தும் ஏளனம் செய்தவர்களோடு சண்டை போட்டோம், இனியும் போடுவோம். அதே வாயால் இதையும் சொல்வோம்: நாற்காலியில் எங்கள் பெண் உட்கார்ந்திருக்கும்போதே வாசலில் எங்கள் பெண்கள் தூக்கி எறியப்பட்டார்கள் என்றால், நாற்காலியின் அதிகாரம் வேறு யார் கையிலோ இருக்கிறது. பிரதிநிதித்துவம் என்பது போட்டோவில் ஒரு முகம் அல்ல. கோப்பில் ஒரு கையெழுத்து.

நாங்கள் கேட்பது

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த விளக்குப் பிடிக்கும். நாங்கள் கேட்பவை இவை.

5, 6ஆம் மண்டலத் தொழிலாளர்களை மாநகராட்சியின் நேரடி ஊழியர்களாக நிரந்தரமாக்க வேண்டும். மற்ற மண்டலங்களில் தனியார் ஒப்பந்தம் முடியும்போது அங்கேயும் அதையே செய்ய வேண்டும்.

தேசிய விடுமுறையிலும் பண்டிகையிலும் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் இரட்டைச் சம்பளமும் மாற்று விடுப்பும் எழுத்தில் வேண்டும். தீபாவளிக் காசு ஒழிந்து போனஸ் வர வேண்டும்.

மாளிகையின் முகப்பில், வைஸ்ராய் பெயர்களுக்குப் பக்கத்தில், 1924 தீர்மானத்தின் வாசகத்தைத் தமிழில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் பெயரோடு.

சென்ட்ரலையும் கூவத்தையும் அழகாக்குவதாகச் சொல்லி ஒரு குடும்பத்தையும் இனி முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. மறுகுடியமர்த்தல் வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட வேலை ஒன்று. வருகிற ஞாயிறு காலை நாங்களும் ஒரு பாரம்பரிய நடை போகிறோம். சத்தியவாணி முத்து நகர் இருந்த கூவம் கரையில் தொடங்கி, மூர் மார்க்கெட் இருந்த இடம், ரிப்பன் மாளிகை நடைபாதை, அங்கிருந்து புளியந்தோப்பு. கட்டணம் கிடையாது. வழிகாட்டுபவர்கள் அந்தத் தெருக்களைப் பெருக்கியவர்கள். மாளிகையின் கடிகாரக் கோபுரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து அதையும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் சொல்கிறோம்.

அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையும் வருகிறாள். அவள் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தை அவளே காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜெய்பீம்.